ஸ்டேட்டஸ் கோ என்று உத்தரவு வந்தால் இலை பறிக்கலாமா?

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. பெரியப்பா வீட்டாருக்கும் எங்களுக்கும் பங்குத் தகராறு. போன வாரம் கோர்ட்டில் ‘ஸ்டேட்டஸ் கோ’ என்று உத்தரவாகியிருக்கிறதாம். ஒருவர் அது ‘ஸ்டே’தான் என்கிறார். இன்னொருவர் தோட்டத்தில் யாரும் காலே வைக்கக்கூடாது என்கிறார். அந்த வார்த்தைக்கு என்னதான் அர்த்தம்? இலை பறிக்கலாமா, கூடாதா?

பதில்:

தம்பி, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். உத்தரவு வந்த நாளில் உங்கள் வீட்டார்தான் பறித்துக்கொண்டிருந்தீர்கள் என்றால், நீங்கள் தொடர்ந்து பறிக்கலாம். பறிப்பதுதான் நல்லது. அன்று பெரியப்பா வீட்டார் பறித்துக்கொண்டிருந்தால், அவர்கள் பறிப்பதை நீங்கள் மறிக்கக்கூடாது. உத்தரவிலேயே வேறு மாதிரி எழுதியிருந்தால்தான் இது மாறும். அதனால் வாய்வார்த்தையை நம்பாமல் உத்தரவின் நகலை வாங்கிப் படியுங்கள்.

இனி வார்த்தைக்கு வருவோம். குன்னூரில் முப்பது வருடத்துக்கும் மேல் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் நான். இந்த இரண்டு சொற்களால் எத்தனை குடும்பம் தடுமாறியது என்று கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இது லத்தீன். சரியான உச்சரிப்பு ‘ஸ்டேட்டஸ் க்வோ’. நம் கோர்ட் வராந்தாவில் அது ‘ஸ்டேட்டஸ் கோ’ ஆகிவிட்டது. அதில் தவறு ஒன்றும் இல்லை, ஆனால் ஒரு ஆபத்து உண்டு. ‘கோ’ என்பதை இங்கிலீஷ் ‘போ’ என்று எடுத்துக்கொண்டு, ‘மேலே நடத்து என்று ஆர்டர் வந்துவிட்டது’ என நினைத்தவர்களும் இருக்கிறார்கள். இதில் ‘போ’ கிடையாது. ‘க்வோ’ என்றால் ‘எதில்’, ‘எந்த நிலையில்’ என்று பொருள். ‘ஸ்டேட்டஸ்’ என்றால் நிலை. ‘எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலை’ என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லலாம். முழு வாக்கியம் ஒரு காலத்தில் இன்னும் நீளம்: ‘போருக்கு முன் காரியங்கள் எந்த நிலையில் இருந்தனவோ அந்த நிலையில்’. சமாதான உடன்படிக்கைகளில் எழுதுகிற வாசகம் அது. நாளாக நாளாக வாலும் தலையும் உதிர்ந்து நடுத்துண்டு மட்டும் நின்றுவிட்டது.

லத்தீனில் நிற்பதைக் குறிக்கும் வினைச்சொல்லிலிருந்துதான் ‘ஸ்டேட்டஸ்’ பிறந்தது. நம் தமிழிலும் ‘நில்’லிலிருந்துதான் ‘நிலை’ வருகிறது. இரண்டு மொழிக்கும் உறவு கிடையாது, ஆனால் இரண்டுமே ஒரே மாதிரி யோசித்திருக்கின்றன. அதே லத்தீன் வேரிலிருந்து வந்த சொற்களை நீங்கள் தினமும் பேசுகிறீர்கள்: ஸ்டேஷன், ஸ்டே, எஸ்டேட். ஆமாம், நம் தேயிலை எஸ்டேட்டும் பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்த அதே ‘ஸ்டேட்டஸ்’தான். சமஸ்கிருதத்தில் ‘ஸ்தானம்’, ‘ஸ்தலம்’, ‘ஸ்திதி’ எல்லாம் அதற்குத் தூரத்துச் சொந்தம். அதனால்தான் கூடலூரில் மலையாளப் பத்திரிகையைப் பிரித்தால் ஸ்டேட்டஸ் கோவைத் ‘தல்ஸ்திதி’ என்று எழுதியிருப்பார்கள். குண்டல்பேட்டை தாண்டினால் கன்னடத்தில் அது ‘யதாஸ்திதி’. நம் தமிழ்ப் பத்திரிகைகள் ‘தற்போதைய நிலை தொடர வேண்டும் என நீதிமன்றம் உத்தரவு’ என்று எழுதும். மூன்று மொழிக்காரர்களும் ஒரே டீக்கடையில் உட்கார்ந்து படிக்கிற மாவட்டம் இது. ஆனால் பேச ஆரம்பித்தால் மூன்று பேரும் ‘ஸ்டேட்டஸ் கோ’ என்றுதான் சொல்வார்கள்.

தமிழில் எது பொருத்தம் என்று கேட்டால், எனக்குப் பிடித்தது ‘இருந்தது இருந்தபடி’. ‘தற்போதைய நிலை’ என்பது தவறில்லை. ஆனால் ‘தற்போது’ என்றதும் படிக்கிறவர் தான் படிக்கிற அந்த நேரத்தைத்தான் நினைப்பார். கோர்ட் சொல்வது உத்தரவு போட்ட நாளை, அல்லது உத்தரவு குறிப்பிடுகிற ஒரு நாளை. அந்த நாளை விட்டுவிட்டால் இந்த வார்த்தைக்கு உயிரே இல்லை.

நம் வருவாய்த் துறைப் பழைய காகிதங்களில் இதற்குப் பக்கத்தில் வருகிற ஒரு சொல் இருந்தது: மாமூல். அரபியிலிருந்து வந்தது. இன்று மாமூல் என்றால் கை நீட்டி வாங்குகிற காசு என்றாகிவிட்டது. அன்று அது ‘வழக்கமாக நடந்து வருகிறது’ என்ற பொருளில் நின்ற நல்ல சொல். எந்தக் கால்வாயில் எந்த ஊருக்கு எந்த முறையில் தண்ணீர் என்று எழுதி வைத்த ஏட்டுக்கே ‘மாமூல்நாமா’ என்று பெயர். ‘மாமூல்படி நடக்கட்டும்’ என்று ஒரு அதிகாரி எழுதினால், அது கிட்டத்தட்ட ஸ்டேட்டஸ் கோதான். அந்தச் சொல் கெட்டுப்போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

சரி, உங்கள் ஊரில் சொல்கிற ‘ஸ்டே’ என்ன ஆகிறது? வேர் ஒன்றாக இருந்தாலும் கோர்ட்டில் இரண்டும் ஒன்று இல்லை. ஸ்டே என்பது பெரும்பாலும் ஒரு உத்தரவையோ நடவடிக்கையையோ நிறுத்தி வைப்பது. தாசில்தார் ஒரு உத்தரவு போட்டார், கீழ்க் கோர்ட் ஒரு தீர்ப்புச் சொன்னது, அதை இப்போதைக்கு அமல்படுத்தாதே என்பது ஸ்டே. உறுத்துக்கட்டளை என்பது ஒரு ஆளைப் பார்த்து ‘நீ இதைச் செய்யாதே’ என்பது. ஸ்டேட்டஸ் கோ பெரும்பாலும் இரண்டு தரப்பையும் பார்த்து, ‘இன்று எப்படி இருக்கிறதோ அப்படியே விட்டுவிட்டு வழக்கை நடத்துங்கள்’ என்பது. வாதிக்கும் அது பொருந்தும், பிரதிவாதிக்கும் பொருந்தும். ‘நான்தான் வாங்கினேன், எனக்கு இல்லை’ என்று யாரும் சொல்லிவிட முடியாது.

நான் செய்த ஒரு தவறை இங்கே சொல்லியாக வேண்டும். வேலைக்குச் சேர்ந்து சில வருடம்தான் ஆகியிருந்தது. சின்னத் தோட்டக்காரர் ஒருவரின் வழக்கில் ஸ்டேட்டஸ் கோ ஆனது. அவருக்குப் போன் போட்டு, அவசரத்தில் ‘ஸ்டே ஆகிவிட்டது’ என்று சொல்லிவிட்டேன். அவர் பயந்த மனிதர். அன்றோடு இலை பறிப்பதை நிறுத்திவிட்டார். தேயிலையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கொழுந்து பறித்தால்தான் அது இடுப்பளவுச் செடி. விட்டுவிட்டால் காடு. மூன்று மாதம் கழித்து அவர் ஆபீசுக்கு வந்தபோது, பறிப்பு மட்டம் போய்ச் செடிகள் தோளுக்கு மேல் நின்றன. அதைவிட மோசமானது அடுத்த வாய்தாவில் வந்தது. எதிர்த்தரப்பு எழுந்து, ‘தோட்டம் இவர் சுவாதீனத்தில், அதாவது இவர் கைவசம் இருந்தால் ஏன் மூன்று மாதமாக ஒரு கிலோ இலைகூட ஃபேக்டரிக்குப் போகவில்லை?’ என்று கேட்டது. உத்தரவை மதிக்கிறோம் என்று நினைத்து அவர் கையைக் கட்டிக்கொண்டதே, அவர் கையில் தோட்டம் இல்லை என்பதற்குச் சாட்சியாக மாறப் பார்த்தது. பழைய ரசீதுகளைத் தேடி எடுத்துச் சமாளித்தோம். அந்த வருட வருமானம் போனது போனதுதான். அன்றிலிருந்து ஸ்டேட்டஸ் கோ என்ற வார்த்தையை விளக்காமல் நான் யாரிடமும் சொன்னதில்லை.

தோட்டம் என்பது பூட்டி வைக்கிற பீரோ இல்லை. அது தினமும் வளர்கிறது. அப்படிப்பட்ட ஒன்றில் ‘இருந்தது இருந்தபடி’ என்றால், நடந்துகொண்டிருந்த வேலை நடந்துகொண்டே இருப்பது என்றுதான் பொருள். பறித்தவர் பறிக்க வேண்டும், களை எடுத்தவர் எடுக்க வேண்டும், உரம் போட்டவர் போட வேண்டும். அப்போதுதான் அது உத்தரவு போட்ட நாளில் இருந்த தோட்டமாகவே இருக்கும். வேலையை நிறுத்தினால் நிலை மாறிவிடுகிறது.

அதே காரணத்தால், செய்யக்கூடாதவையும் தெளிவாகத் தெரியும். செடியைப் பிடுங்கிவிட்டுக் கேரட்டோ உருளைக்கிழங்கோ போடக்கூடாது. புதுக் கொட்டகை, புது வேலி, புதுப் பாதை எதுவும் கூடாது. நடுவில் நிற்கிற சில்வர் ஓக் மரத்தை வெட்டி விற்கக்கூடாது. மரத்துக்கு இந்த உத்தரவு மட்டும் இல்லை, மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் என்று 1955லேயே ஒன்று வந்திருக்கிறது. வழக்கே இல்லாவிட்டாலும் அந்தச் சட்டத்தின்படி அனுமதி தேவைப்படும். உத்தரவை மீறினால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 39ஆவது கட்டளை, 2ஏ விதியின்படி சொத்தை ஜப்தி செய்யலாம், மூன்று மாதம்வரை சிவில் சிறையிலும் வைக்கலாம்.

நடுவில் நிற்கிற கேள்வி கவாத்து, அதாவது செடியைத் தாழ வெட்டிவிடுவது. நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை கவாத்து செய்வது தோட்டத்தின் வழக்கம்தான். ஆனால் கவாத்து செய்த தோட்டத்தைப் புதிதாகப் பார்க்கிறவருக்கு அது வெட்டி அழித்த மாதிரி தெரியும். எதிர்த்தரப்பு அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் நீங்கள் விளக்கம் சொல்லி முடிக்கப் பல வாய்தா ஆகும். எனவே கவாத்துக்கு ஒரு சின்ன மனுப் போட்டு அனுமதி வாங்கிவிட்டுச் செய்யச் சொல்வேன். மழைக்குத் தடுப்புச்சுவர் சரிந்தாலும் அப்படித்தான். 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டம் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள், கோர்ட் திறக்கும்வரை மண் காத்திருக்காது என்பதை அறிவார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் முதலில் மண்ணை அள்ளுங்கள், அள்ளுவதற்கு முன் படம் எடுங்கள், மறுநாளே வக்கீல் மூலம் கோர்ட்டுக்குத் தெரிவியுங்கள்.

இனி எல்லாவற்றையும் தீர்மானிக்கிற கேள்வி: எந்த நாளின் நிலை? இது உங்கள் ஒன்றரை ஏக்கருக்கு மட்டும் வந்த தலைவலி இல்லை. 1987இல் பாரத் கோக்கிங் கோல் வழக்கில் உச்ச நீதிமன்றமே, ஸ்டேட்டஸ் கோ என்பது தெளிவில்லாத சொல், சில நேரம் ஐயத்துக்கும் சிக்கலுக்கும் இடம் தருகிறது என்ற கருத்தைச் சொன்னது. ஒரு குறிப்பிட்ட நேரத்தில் இருக்கிற நிலை என்பதுதான் அதன் சாதாரணச் சட்டப் பொருள் என்றும் விளக்கியது. குறிப்பிட்ட நேரம் என்று அவர்கள் சொன்னதைக் கவனியுங்கள்.

நாடுகளுக்கு இடையிலும் இதே கேள்விதான். கிழக்கிந்தியக் கம்பெனியோடு ஹைதர் அலி தொடங்கி திப்பு சுல்தான் முடித்த இரண்டாம் மைசூர்ப் போர், 1784 மார்ச் 11ஆம் தேதி மங்களூர் உடன்படிக்கையில் முடிந்தது. பிடித்த இடங்களை இரு தரப்பும் திருப்பிக் கொடுத்துப் போருக்கு முந்திய நிலைக்குப் போவது என்று ஒப்புக்கொண்டார்கள். இதற்கு லத்தீனில் ‘ஸ்டேட்டஸ் கோ ஆன்ட்டி’ என்று சொல்வார்கள். ‘ஆன்ட்டி’ என்றால் ‘முன்பு’. ஸ்டேட்டஸ் கோ இருக்கிறதை அப்படியே நிறுத்தும், ஸ்டேட்டஸ் கோ ஆன்ட்டி பின்னால் திரும்பிப் போகச் சொல்லும். 1799இல் திப்பு வீழ்ந்த பிறகுதான் நம் நீலகிரி மலை கம்பெனியின் கைக்கு வந்தது. 1966 ஜனவரியில் கையெழுத்தான தாஷ்கண்ட் பிரகடனத்தில் இந்தியப் படையும் பாகிஸ்தான் படையும் 1965 ஆகஸ்ட் 5ஆம் தேதிக்கு முன் இருந்த இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்று எழுதினார்கள். நாளைக் குறித்துவிட்டார்கள், அதனால் எங்கே திரும்புவது என்பதில் சந்தேகத்துக்கு இடம் இல்லை. வழிபாட்டுத் தலங்கள் சட்டம், 1991, இதே முறையில் எழுதியதுதான். 1947 ஆகஸ்ட் 15 அன்று ஒரு வழிபாட்டிடம் எந்த மதத்தினுடையதாக இருந்ததோ அப்படியே தொடர வேண்டும் என்றது, அயோத்திக்கு விலக்குத் தந்தது.

எருசலேமில் திருக்கல்லறைக் கோயில் இருக்கிறது. அங்கே ஸ்டேட்டஸ் கோ என்பதே ஒரு ஏற்பாட்டின் பெயர். பல கிறிஸ்தவப் பிரிவுகள் அந்த ஒரே கோயிலைப் பங்கிட்டுக்கொள்கின்றன. எந்த விளக்கை யார் ஏற்றுவது, எந்தப் படியை யார் பெருக்குவது என்பதுவரை தகராறு. 1852இல் துருக்கி சுல்தான், ‘இப்போது எப்படி நடக்கிறதோ அப்படியே நடக்கட்டும்’ என்று ஆணை போட்டார். வாசலுக்கு மேலே ஒரு ஜன்னலடியில் சின்ன மர ஏணி ஒன்று சாய்ந்து நிற்கிறது. 18ஆம் நூற்றாண்டில் வரைந்த படத்திலேயே அது இருக்கிறது. எல்லாரும் சம்மதிக்காமல் எடுக்க முடியாது என்பதால் இன்றும் அங்கேயே நிற்கிறது. ஏணியைச் சும்மா வைத்திருந்தாலே நிலை மாறாது. தேயிலைச் செடிக்கு அந்த வசதி இல்லை.

இந்த மாவட்டத்திலேயே பெரிய அளவில் இந்த வார்த்தையோடு வாழ்கிறவர்கள் கூடலூர்க்காரர்கள். நிலம்பூர் கோவிலகம் என்ற ராஜ குடும்பத்தின் ஜன்ம நிலங்களை (ஜமீன் போலப் பரம்பரையாக வந்தவை), பயிர் செய்கிறவர் நேராக அரசுக்கு வரி கட்டுகிற ரயத்துவாரி முறைக்கு மாற்ற 1969இல் ஒரு சட்டம் வந்தது. 1974இல் நடைமுறைக்கு வந்தது. தோட்டக் குத்தகைகள் பற்றிய அதன் 17ஆம் பிரிவில் சிக்கிய நிலத்தைத்தான் அங்கே எல்லாரும் ‘செக்‌ஷன் 17’ என்கிறார்கள். சில சட்டங்களைக் கோர்ட்டில் எதிர்க்க முடியாதபடி காக்க அரசியல் சாசனத்தில் வைத்த ஒன்பதாவது அட்டவணை பற்றி உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2007 ஜனவரியில் சொன்ன பெரிய தீர்ப்பே இந்தச் சட்டத்திலிருந்து கிளம்பியதுதான். காடு பற்றி இந்தியா முழுவதையும் பாதித்த கோதவர்மன் வழக்கும் 1995இல் கூடலூர் மரங்களை முன்னிட்டுத்தான் உச்ச நீதிமன்றம் போனது. அதில் 1996 டிசம்பர் 12ஆம் தேதி வந்த உத்தரவைக் காட்டுக்குள் வேலை செய்கிறவர்கள் இன்றும் பேசுகிறார்கள். ஒரே தீர்ப்போடு முடிக்காமல் கோர்ட் தொடர்ந்து உத்தரவு போட்டுக் கவனித்து வருவதால் அந்த வழக்கைத் ‘தொடரும் மாண்டமஸ்’ என்பார்கள். மாண்டமசும் லத்தீன்தான், ‘நாங்கள் கட்டளையிடுகிறோம்’ என்று பொருள். இப்படி வழக்கு நீள நீள, நிலமும் ‘இருந்தது இருந்தபடி’யே நிற்க, வீட்டைக் கட்டி இரண்டு தலைமுறை வாழ்ந்தவர்களும் பட்டா இல்லாமல் நிற்கிறார்கள். ஒரு வாய்தாவுக்குப் போட்ட பந்தல் வருடக்கணக்கில் நின்றால் அதுவே வீடாகிவிடுகிறது. அங்கே உள்ள ஜனங்களின் சிரமம் எனக்குத் தெரியும். இந்த வார்த்தையில் எனக்கு இருக்கிற பெரிய மனத்தாங்கலும் அதுதான்: அது தற்காலிகத்துக்காகப் பிறந்த சொல், ஆனால் முடிவு நாள் எழுதாவிட்டால் தானாக முடியாது.

கோர்ட்டுக்கு வெளியே இதன் புழக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எஸ்டேட் சங்கத் தலைவர்கள் கூலிப் பேச்சுவார்த்தையின்போது ‘முடிவாகும்வரை ஸ்டேட்டஸ் கோ’ என்பார்கள். 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தின் 33ஆம் பிரிவு அதே எண்ணத்தில் எழுதியதுதான்: தகராறு நடக்கும்போது தொழிலாளியின் வேலை நிபந்தனைகளை அவருக்குப் பாதகமாக மாற்றாதே என்றது. அரசியலில் ‘ஸ்டேட்டஸ் கோவை உடைப்போம்’ என்றால், இப்போது அதிகாரமும் வசதியும் யாரிடம் இருக்கிறதோ அந்த ஏற்பாட்டை மாற்றுவோம் என்று பொருள். அங்கே அது கொஞ்சம் கெட்ட வார்த்தை போல ஒலிக்கும். கோர்ட்டில் கெட்டதும் இல்லை, நல்லதும் இல்லை. ‘ஸ்டேட்டஸ் பார்க்கிற குடும்பம்’ என்கிறோமே, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் என்கிறோமே, அவையும் அதே சொல்தான், பொருள் வேறு பக்கம் போய்விட்டது.

உங்கள் வழக்குக்குத் திரும்புகிறேன். நகல் கைக்கு வந்ததும் மூன்று விஷயம் தேடுங்கள். எந்தத் தேதியின் நிலை என்று எழுதியிருக்கிறதா? எதைப் பொறுத்து, அதாவது சுவாதீனமா, கட்டுமானமா, விற்பனையா? எதுவரை, அடுத்த வாய்தாவரையா, வழக்கு முடியும்வரையா? இந்த மூன்றில் ஒன்று விட்டுப்போயிருந்தாலும் தெளிவுபடுத்தக் கேட்டு மனுப் போடச் சொல்லுங்கள். இரண்டு வீட்டாருமே ‘நாங்கள்தான் பறித்தோம்’ என்றால், கோர்ட் அனுப்புகிற வக்கீல் கமிஷனர் ஒருவர் நேரில் வந்து தோட்டம் எப்படி இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. சீக்கிரம் கேளுங்கள், தாமதித்தால் செடி அடையாளம் மாறிவிடும்.

விற்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. வழக்கு நடக்கும்போது வாங்கியவர், வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டுத்தான் ஆக வேண்டும். சொத்து மாற்றுச் சட்டம், 1882, 52ஆம் பிரிவு. அதற்கும் ஒரு லத்தீன் பெயர் உண்டு, ‘லிஸ் பெண்டன்ஸ்’, நிலுவையில் உள்ள வழக்கு. பெரியப்பா வீட்டார் அவர்கள் பங்கை யாருக்காவது காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டால் உடனே வக்கீலிடம் சொல்லுங்கள்.

பறிக்கிற இலைக்குக் கணக்கு வையுங்கள். எத்தனை கிலோ, என்ன விலை, ஆள் கூலி எவ்வளவு என்று எல்லாம் ஒரு நோட்டில் இருக்கட்டும். பாகப்பிரிவினை வழக்கு என்றால் பின்னால் பெரியப்பா வீட்டார் அவர்கள் பங்குக்குக் கணக்குக் கேட்கலாம், கேட்க அவர்களுக்கு உரிமையும் உண்டு. அப்புறம், இதுவரை ஃபேக்டரி ரசீது உங்கள் அப்பா பெயரில் வந்துகொண்டிருந்தால் இனியும் அவர் பெயரிலேயே எழுதச் சொல்லுங்கள். வசதிக்காக உங்கள் பெயருக்கு மாற்றிவிடாதீர்கள்.